சனிக்கிழமைப் பனி

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை, ஊர்காவற்றுறையில் மேரிஜோசப்பின் என்பவளின் வீட்டு முன்மண்டபத்துக்குள் வெண்பனி கொட்டியது. அந்தக் கிழமை தீவுக்கு மண்ணெண்ணெய் வரவில்லை. சங்கக் கடையில் சீனி இல்லை. கடலுக்குப் போகக் கடற்படையிடம் பாஸ் கேட்டவர்களில் பாதிப்பேருக்குத்தான் அது கிடைத்தது. வராத சாமான்களைப் பற்றிப் பேசி முடிக்கவே ஆட்களுக்கு நேரம் காணாமல் இருந்தபடியால், வந்துவிட்ட ஒன்றைப் பற்றி ஊர் உடனே வாய் திறக்கவில்லை. புதிதாக வாங்கிய மோடத்தின் பக்கவாட்டில், சூடு போவதற்கென்று விட்டிருந்த சின்ன ஓட்டைகள் வழியாகப் பனி வந்தது. முதலில் மா அரிக்கும்போது பறக்கிற அளவு. பிறகு மேசை வெளுத்தது, மேசைக்குக் கீழே சீமெந்துத் தரை வெளுத்தது, சாய்மனைக் கதிரையில் கிடந்த அவளுடைய புருசன் பஸ்ரியாம்பிள்ளையின் கால்விரல்கள் மூடுண்டன. மேரிஜோசப்பின் எழும்பிக் குசினிக்குப் போய்த் தும்புத்தடியை எடுத்துவந்து கூட்டத் தொடங்கினாள். அந்த வீட்டிலிருந்து அவள் உடைந்த ஓடு கூட்டியிருக்கிறாள், கண்ணாடி கூட்டியிருக்கிறாள், யாரோ அடுக்கிவிட்டுப் போன மண்மூட்டைகள் பிரிந்து கொட்டிய மணலையும் கூட்டியிருக்கிறாள். கூட்டுவதற்கு இன்னொன்று வந்திருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

கடற்றொழிலாளர் சங்கத்தில் தட்டச்சு செய்து வந்தவள் அவள். தொண்ணூற்றாறில் இடப்பெயர்வுகள் ஒருவாறு ஓய்ந்து ஊருக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, சங்கத்துக்குக் கட்டடம் இல்லை, பஸ்ரியாம்பிள்ளைக்கு வள்ளம் இல்லை. மூன்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தேடிக்கொண்டதில் இருவருக்கும் வயது போய்விட்டது. இதைப் பெரிய துக்கமாகச் சொல்லவில்லை, தீவில் எல்லோருக்கும் அப்படித்தான் போனது. வள்ளம் கைக்கு வந்து சேர்ந்த கையோடு பஸ்ரியாம்பிள்ளைக்கு முட்டு வருத்தமும் வந்து சேர்ந்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதியது. குளிர் ஆகாது, ஈரம் ஆகாது, வாடைக்காற்றுக் கிட்டவும் வரக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். நாற்பது வருடம் கடலில் கிடந்த மனுசனிடம் காற்றுப் படாமல் இரும் என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? வள்ளத்தை, கரையில் பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான அப்புத்துரைச் சம்மாட்டிக்குக் கொடுத்துவிட்டுச் சாய்மனைக் கதிரைக்கு வந்துவிட்டார்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, ஜெனீற்றா. தொண்ணூற்றெட்டில் கல்யாணம் பேசி நோர்வேக்குப் போனவள். போன இடம் நோர்வேயின் வட தொங்கல், அதற்கு மேலே கடலும் பனியும்தான். கரையில் பிறந்த பிள்ளை பூமியின் அந்த அந்தத்துக்குப் போயும் மீன்தான் வெட்டினாள். விடியற்புறம் மீன் தொழிற்சாலை, பின்னேரம் ஒரு பள்ளிக்கூடத்தின் தரை துடைப்பு. புருசன் பெரிய இழுவைப் படகில் வேலை, போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். மாரியில் அங்கே இரண்டு மாதத்துக்குச் சூரியன் எழும்பாது என்று அவள் எழுதினாள். தகப்பன் அதை மட்டும் நம்பவில்லை. சமாதான காலத்தில் ஒருமுறை வந்து பார்க்க நினைத்தாள், லீவு கிடைக்கவில்லை. லீவு கிடைத்த வருடம் கடல் பொங்கி எல்லாவற்றையும் குழப்பியது. அதற்குப் பிறகு ரிக்கற் எடுத்தாள், சண்டை திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணத்துக்கு வரும் தரைப்பாதை பூட்டியது. கடதாசிக் கடிதங்கள் கப்பலேறி வரத்தொடங்கி, நத்தார் வாழ்த்து தைப்பொங்கல் முடிந்து கிடைத்தபோது, வீட்டுக்கு இன்ரநெற் எடுங்கோ அம்மா என்று அவள் எழுதிய கடிதமும் அவற்றோடு பிந்தி வந்தது.

மேரிஜோசப்பின் பஸ் ஏறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்து, மறுபடி ஏறி, யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் கோபிசங்கரின் கடைக்குப் போனாள். கோபிசங்கர் புளியங்கூடல் ஆள். தகப்பன் வழியில் எல்லோரும் தெற்கே கடை வைத்திருந்தவர்கள். வந்தவரின் தேவையைக் கேட்காமல் எதையும் தலையில் கட்டமாட்டான் என்று அவனுக்கு ஒரு பெயர்.

"என்னத்துக்குப் பாவிக்கப் போறியள் அன்ரி?"

"கிழமைக்கு ஒருக்கா பிள்ளைக்குக் கடிதம் எழுத. அவள் எழுதினதை வாசிக்க. வேற என்ன இருக்கு எங்களுக்கு?"

"அப்ப லைற்றான பாவிப்பு. பெரிசொண்டும் வேண்டாம். சின்னது காணும்."

செப்புக் கம்பி வழியாக வீட்டுக்கே வரும் வேகமான இணைப்பு ஒன்று பட்டினத்தில் இருந்தது, ஆனால் அது பண்ணைப் பாலத்தைத் தாண்டாது. தீவுக்குள் எடுபடக்கூடியது கம்பியில்லாத வீட்டுத் தொலைபேசி ஒன்றுதான். அதைக் கொம்பியூற்றரோடு பொருத்த ஒரு சின்னப் பெட்டி, பெட்டியில் நாலு பச்சை வெளிச்சம். கப்பலேறிக் கொழும்புக்குப் போய்விட்ட ஒரு ரியூசன் வாத்தியாரின் பழைய கொம்பியூற்றரையும் அவனே தேடிக் கொடுத்தான். தட்டச்சுத் தெரிந்த விரல்கள் என்பதால் அவளுக்கு ஒருவரும் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. முதல் சனிக்கிழமை பின்னேரம் மின்சாரம் வந்ததும் இணைத்தாள். மோடம் கொஞ்சநேரம் கொன்னை தட்டியது, பிறகு ஜெனீற்றாவின் கடிதம் வந்தது. கடிதத்தோடு அவளுடைய ஊர்ப் பனியும் வந்தது.

அடுத்த முறை பட்டினம் போனபோது இதைக் கோபிசங்கரிடம் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவில்லை. இறுப்பிட்டியில் ஒரு வீட்டில் மகன் குவைத்தில், அங்கே மணல் வருகிறது, மணலை அள்ளி வீட்டுக்குப் பின்சுவர் கட்டிவிட்டார்கள். நயினாதீவில் ஒரு வீட்டில் தமையன் லண்டனில், ஒரே தூறல், காயப்போட்ட உடுப்பு ஒருநாளும் காய்வதில்லை. மறுமுனையில் என்ன காலநிலையோ அதுதான் இந்த முனையில் வரும் என்றான். காலநிலைக்குக் கொம்பனி பொறுப்பில்லை என்று பெட்டியிலேயே எழுதியிருப்பதாகவும் காட்டினான். "நீங்கள் லைற்றாப் பாவிக்கிற ஆள் அன்ரி. அதால கொஞ்சமாத்தான் வரும். கூட்டிவிட்டாச் சரி." அவன் சொன்னது உண்மைதான். கிழமைக்கு ஒருமுறை, பனையோலைக் கடகத்தால் ஒரு கடகம் இரண்டு கடகம், அவ்வளவுதான் வந்தது.

படங்கள்தான் சரிவரவில்லை. ஜெனீற்றா தன்னுடைய படம் ஒன்றை அனுப்பினால் அது மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கீறாக இறங்கும். முதலில் தலைமயிர், பிறகு நெற்றி, புருவம், கண். மூக்குக்கு வரும்போது தொலைபேசி அறும். பஸ்ரியாம்பிள்ளை கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப்போட்டு, வலை இழுக்கிற பொறுமையோடு பார்த்திருப்பார். ஒவ்வொரு சனிக்கிழமையும் மகளின் மூக்குவரை பார்த்தார். கதைக்கும்போது அவளுடைய வாய் ஒரு பக்கம் கோணும், அது தன்னுடைய தாயின் வாய் என்று அவருக்கு ஒரு பெருமை. அந்த வாய்தான் வந்து சேரவில்லை. பார்த்து முடிய, காலடியில் கிடந்த பனியின் குளிர் நெஞ்சில் ஏறி, திங்கட்கிழமைவரை முட்டு இழுக்கும்.

பனியின் பலனைக் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டு இரஞ்சிதம். அவள் மீன் விற்கிறவள். டீசல் இல்லாமல் ஐஸ் ஆலை பூட்டியதிலிருந்து, பஸ்ஸில் பட்டினம் போய்ச் சேருமுன் அவளுடைய மீன் கண் சிவந்துவிடும். நெருப்புப்பெட்டி கேட்டு ஒரு சனிக்கிழமை உள்ளே வந்தவள், மேரிஜோசப்பின் கூட்டி ஒதுக்கியிருந்த குவியலைப் பார்த்தாள். தொட்டாள். நெருப்புப்பெட்டியை மறந்துவிட்டுப் போய் மீன்கூடையோடு திரும்பி வந்தாள். ஞாயிறு காலை அவளுடைய பாரைமீன் அப்போதுதான் பிடித்ததுபோலச் சந்தையில் கிடந்தது. அடுத்த சனிக்கிழமை வாசலில் கடகங்களும் கனமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளும் வரிசையில் நின்றன. சம்மாட்டி அப்புத்துரை தானே முன்வந்து ஒழுங்கு வைத்தார். கரையில் பங்கு பிரிக்கிற முறை ஒன்று இருக்கிறது. பிடிபட்டதில் ஆளுக்கொரு பங்கு, வள்ளத்துக்கொரு பங்கு, வலைக்கொரு பங்கு. அதே முறையில் கொம்பியூற்றரை வள்ளமாகவும் மோடத்தை வலையாகவும் கணக்கெடுத்து, இரண்டுக்கும் மேசைக்குப் பக்கத்தில் பங்கு ஒதுக்கினார்கள். மோடம் மீன் விற்கப் போவதில்லை என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை, வலையும் விற்கப் போவதில்லைத்தானே. அந்தப் பங்குகள் உருகியதும் மேரிஜோசப்பின் வாளியில் பிடித்து வைத்துத் தேநீர் போட்டாள். தீவுக் கிணற்றின் உவரே அறியாத தண்ணீர். பஸ்ரியாம்பிள்ளை ஒரு மிடறு குடித்துவிட்டு, உப்பில்லாமல் இதென்ன தேத்தண்ணி என்று கேட்டார்.

ஆனி மாதம் பனி நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக அதே ஓட்டைகளால் வெயில் வந்தது, அங்கே சூரியன் மறைவதை விட்டுவிட்டதாம். இங்கே பொழுதுபட்ட பிறகும் மண்டபத்தில் மத்தியான வெளிச்சம் நிற்க, ஊரடங்கு நேரத்தில் இதென்ன விளக்கு என்று கேட்டுக் கடற்படைக்காரன் ஒருவன் வந்தான். மோடத்துக்கு முன்னால் கையை நீட்டி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன்னுடைய ஊர் மலைநாட்டில், அங்கே காலையில் மூடுபனிப் புகார் இறங்கும், அதைக் கொஞ்சம் எடுக்க முடியுமா என்று கொச்சைத் தமிழில் கேட்டான். ஊரில் ஆரிட்டையும் கொம்பியூற்றர் இருக்கோ என்று மேரிஜோசப்பின் கேட்டாள். இல்லை என்றான். அப்ப ஏலாது தம்பி என்றாள். அவனும் களைத்துப் போய்த்தான் இருந்தான். யன்னலுக்குச் சாக்குக் கட்டச் சொல்லிவிட்டுப் போனான்.

பிறகு இரண்டாயிரத்து எட்டு வந்தது. அந்த வருடத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. தொலைபேசி பல கிழமைகள் வேலை செய்யவில்லை, பனியும் வரவில்லை, மீன் கண் சிவந்தது. வேலை செய்த கிழமைகளில் மேரிஜோசப்பின் முதலில் புருசனைத் தாங்கிக் கூட்டிக்கொண்டுபோய்க் குசினியில் அடுப்படியில் இருத்தி, கதவைச் சாத்தி, கதவடியில் சாக்கு அடைத்துவிட்டுத்தான் இணைத்தாள். ஏனென்றால் அவருடைய நெஞ்சு இப்போது ஒரு கடகம் பனியைக்கூடத் தாங்கவில்லை. "அவளே? என்ன எழுதியிருக்கிறாள்?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். இவள் கதவில் வாய் வைத்து உரக்க வாசிப்பாள். மூக்குவரை வந்த மகளும் அவருக்கு இல்லாமல் போனாள்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் எல்லாம் முடிந்தது. எது முடிந்தது என்று சொல்லாமல், முடிந்தது என்று மட்டும் ஆட்கள் சொன்னார்கள். பாஸ் தளர்ந்தது, வள்ளங்கள் தூரம் போயின, தெற்கிலிருந்து மீன் லொறிகள் வந்து துறையில் நின்றன. மீன் வந்த அளவுக்கு ஐஸ் வரவில்லை. அதே மாதங்களில்தான் பட்டினத்தில் புது மோடங்கள் வந்தன. கம்பியும் வேண்டாம், தீவுக்குள்ளும் எடுபடும், பழையதைப் போலப் பல மடங்கு வேகம், முகம் பார்த்துக் கதைக்கலாம் என்று பேச்சு அடிபட்டது. முதலில் வந்தவர் அப்புத்துரை.

"அக்கா, பெரிசா எடுங்கோ. பழசில வாற பனி பல்லுக்குள்ளயும் காணாது. மாதக் காசைக் கரையில நாங்கள் எல்லாருமாப் போடுறம்."

"பாப்பம்."

"பாக்க என்ன இருக்கு? லொறிக்காரன் ஐஸ் இல்லாமல் எடுக்கமாட்டன் எண்டு நிக்கிறான்."

"பாப்பம் எண்டு சொன்னனானே அப்புத்துரை."

அதற்குள் ஜெனீற்றாவும் எழுதியிருந்தாள். 'அம்மா, பெரிய கனெக்சன் எடுங்கோ. நான் அப்பாவின்ர முகத்தைப் பாத்துக் கதைக்கோணும். வேலையால வந்து கதிரையில இருந்தால் எனக்கு முன்னால சுவர்தான் இருக்கு. நித்திரையும் வருதில்லை.' அதற்கும் மேரிஜோசப்பின் பாப்பம் என்றுதான் பதில் எழுதினாள். ஆஸ்பத்திரியில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு பெரிய குளிரை இந்த நெஞ்சு தாங்காது என்று சொல்லியிருந்தார்கள். மகளைக் காட்டினால் மனுசன் போய்விடுவார். காட்டாவிட்டால் பாராமலே போய்விடுவார். ஆனி மாதத்து வெயில்வரை வைத்திருக்கலாம் என்றால், ஆனிவரை அவர் இருப்பார் என்று சொல்ல ஒருவருமில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் களைப்பாக இருந்தது. இத்தனை வருடமும் எது வந்ததோ அதைக் கூட்டிக்கொண்டு இருந்தவளிடம், இப்போது போய் எது வரவேண்டும் என்று நீயே சொல் என்றால் எப்படி?

ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பஸ்ரியாம்பிள்ளை கூப்பிட்டார்.

"இஞ்சரும்."

"என்ன?"

"பெரிசை எடும்."

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"கரை முழுக்கக் கதைக்குது. எனக்கு நெஞ்சுதான் பழுது, காதில்லை."

"டொக்டர் சொன்னதும் கேட்டிருக்குமே அந்தக் காதுக்கு."

"கேட்டது. ஊர்க்காத்தில நனைஞ்சு வளந்தனான். பிள்ளையின்ர ஊர்க்காத்தில போனால் போகட்டும். நான் அவளின்ர வாயைப் பாக்கோணும்."

அவள் சாக்கைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். "உங்களுக்கென்ன, நீங்கள் போயிடுவியள். பிறகு கூட்டுறது நான்" என்றாள். சொன்னபிறகுதான் தான் சொன்னது என்னவென்று விளங்கி, அடுப்படியில் அவருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். மண்டபத்தில் பனி உருகித் தண்ணீர் குசினிவரை வந்தது.

கோபிசங்கர் கண்ணாடி மேசையில் மூன்று மோடங்களை எடுத்து வைத்தான். ஒன்று பெருவிரல் அளவு, கொம்பியூற்றரில் செருகுவது. மற்றது கையகலப் பெட்டி. மூன்றாவது இரண்டு கொம்பு வைத்த பெரிய பெட்டி. இதில் குளிர் குறைவாக வருவது எது என்று அவள் கேட்டாள். வேகம் கூடினால் குளிரும் கூடும், அதில் ஏமாற்று இல்லை என்றான். பெருவிரல் அளவானதில் முகம் வரும், ஆனால் விட்டு விட்டு வரும், வாய் ஒரு பக்கம் குரல் ஒரு பக்கமாக இருக்கும். கொம்பு வைத்ததில் எல்லாம் முழுசாக வரும். "உங்கட பாவிப்புக்கு இது தேவையில்லை அன்ரி. கிழமைக்கு ஒரு கடிதத்துக்கு இவ்வளவு பெரிசு ஆரும் எடுக்கிறேல்லை. நான் உங்களுக்கு இதை விக்கமாட்டன்." அவள் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பின்னால் நின்ற ஆள் தும்மினார். கொம்பு வைத்ததைக் கட்டித் தாரும் தம்பி என்றாள். கமரா ஒன்றும் வை என்றாள்.

கார்த்திகைக் கடைசிச் சனிக்கிழமைக்கு அவள் கரைக்குச் சொல்லி அனுப்பிய சேதி இதுதான்: ஐஸ் எடுக்க ஒருவரும் வரவேண்டாம். பனி தள்ள வாறவை வரலாம். எல்லோரும் வந்தார்கள். மண்வெட்டியோடு வந்தார்கள், தகரத் துண்டோடு வந்தார்கள், வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிற பட்டையோடு வந்தார்கள். பஸ்ரியாம்பிள்ளைக்கு மகள் வருடா வருடம் அனுப்பி, ஒருநாளும் போடாத கம்பளிச் சட்டைகள் அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அதற்குமேல் போர்வை சுற்றி, அதற்கும் மேல் அப்புத்துரை கொண்டுவந்த பழைய வள்ளப் பாய்ச்சீலையைச் சுற்றிக் கதிரையில் இருத்தினார்கள். இரஞ்சிதம் காலடியில் தணல் சட்டி வைத்தாள். அப்புத்துரை முன்யோசனையாகப் பங்குச் சுவாமிக்கும் ஆள் அனுப்பியிருந்தார். சுவாமி, சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தை பூசும் எண்ணெயோடு வந்து விறாந்தையில் இருந்தார். அவருக்கு ஏன் சொன்னது என்று மேரிஜோசப்பின் கேட்கவில்லை. அந்த வருடம் கார்த்திகை மழை பிந்தியிருந்தது. காற்றில்லாமல் புழுங்கிக்கொண்டிருந்தது.

இணைத்ததும் முதலில் இருட்டு வந்தது. பஸ்ரியாம்பிள்ளை நம்பாத அந்த இருட்டு, சூரியன் எழும்பாத ஊரின் மத்தியான இருட்டு, மண்டபம் முழுவதும் நிறைந்து மின்குமிழைச் சின்னதாக்கியது. பிறகு காற்று. திருஇருதய ஆண்டவரின் படம் ஆணியில் ஒருபக்கம் சாய்ந்தது. பிறகு பனி, கடிதத்தோடு வந்த பனியில்லை, ஓட்டைகளே காணாதென்று பெட்டியின் மூட்டுக்களாலும் பீறிக்கொண்டு வந்த பனி. ஆட்கள் தள்ளினார்கள். கதிரையைச் சுற்றிக் குவியக் குவிய அள்ளி, யன்னலால் எறிந்தார்கள், வாசலால் எறிந்தார்கள். பஸ்ரியாம்பிள்ளையின் நெஞ்சு விசில் ஊதத் தொடங்கியது. திரையில் ஜெனீற்றா வந்தாள். தொழிற்சாலை வெள்ளைச் சட்டை, தலையில் கட்டிய வலைத்தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நெற்றி, கண், மூக்கு, வாய், நாடி, எல்லாம் ஒன்றாக வந்தன.

"அப்பா" என்றாள். வாய் ஒரு பக்கம் கோணியது.

"ஓம் பிள்ளை."

"சாப்பிட்டியளோ?"

"ஓம். நீ சாப்பிட்டனியோ?"

"இல்லை அப்பா. இப்பதான் வேலையால வந்தனான். விடிய முதல் போனனான். விடியிறதெண்டு ஒண்டு இஞ்ச இல்லைத்தானே." சிரித்தாள். கொஞ்சநேரம் தகப்பனையே பார்த்தாள். "ஏனப்பா பாய்ச்சீலை சுத்தி…" என்று கேட்கத் தொடங்கினாள். கேட்டு முடிக்கவில்லை. கன்னம் உள்ளங்கையில் சாய்ந்தது, கண் மூடியது. அப்படியே மேசையில் நித்திரையாகிவிட்டாள்.

மேரிஜோசப்பின் பதறிப்போய்த் திரைக்குக் கிட்ட வந்து கூப்பிட வாய் திறந்தாள். இதற்காகவா இந்த மனுசனைக் குளிரில் இருத்தியது, இதற்காகவா கரை முழுவதும் வந்து நிற்கிறது! பஸ்ரியாம்பிள்ளை பாய்ச்சீலைக்குள்ளிருந்து கையை எடுத்து அவளுடைய கையைப் பிடித்தார்.

"கூப்பிடாதேயும். பிள்ளை களைச்சுப் போனாள். படுக்கட்டும்."

ஆட்கள் மண்வெட்டிகளை மெதுவாகக் கீழே வைத்தார்கள். தகரம் தரையில் உரசினால் அவள் எழும்பிவிடுவாள் என்று எல்லோருக்கும் ஒன்றாகத் தோன்றியது. அவள் நித்திரையானதும் அவளுடைய ஊர்க்காற்றும் விழுந்துவிட்டது. பனி சத்தமில்லாமல் நேராக இறங்கியது, பிறகு குறைந்தது. மேரிஜோசப்பின் மகளின் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு, கன்னத்தில் வலைத்தொப்பியின் நாடா பதிந்த தடம், விரல் நுனிகளில் வெடிப்பு. தீவில் இருந்ததால் வந்த களைப்பு என்று அவள் இத்தனை வருடமும் நினைத்திருந்தது அங்கேயும் அப்படியே இருந்தது. ஐயோ என்ரை பிள்ளை என்று திரையில் அந்தத் தடத்தை விரலால் தொட்டாள். கூட்டி அள்ளி எறிய முடியாத ஒன்றாக அது வந்து நின்றது.

அப்போதுதான் யன்னல் சீலை உள்ளே சரிவதை இரஞ்சிதம் கண்டாள். வெளியே காற்றில்லை. சீலை மோடத்தின் பக்கம் சரிந்து நின்றது. தணல் சட்டியின் சூடும், இத்தனை பேர் நின்ற மண்டபத்தின் புழுக்கமும், மழைக்கு ஏங்கிக் கிடந்த முற்றத்தின் வெக்கையும் சேர்ந்து அந்த ஓட்டைகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. வருகிற வழியால் போகவும் செய்யும் என்று மேரிஜோசப்பின் அதுவரை யோசித்ததில்லை. பழைய மோடத்தில் போனது எந்த மூலைக்குக் காணும்? திரையில் ஜெனீற்றாவுக்குப் பின்னாலிருந்த யன்னலில் படிந்திருந்த ஐஸ் கரைந்து கோடு கோடாக வழிந்தது. அவளுடைய தோள் இறங்கியது. மூச்சு ஆழமானது. பஸ்ரியாம்பிள்ளையின் நெஞ்சில் விசில் நின்றதை முதலில் கவனித்தவர் சுவாமிதான். அவர் எழும்பி வந்து எட்டிப் பார்த்தார், நாடியைப் பிடித்தார், பனித்தண்ணீரில் போட்ட தேநீரைக் குடித்துவிட்டு எண்ணெயோடு திரும்பிப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நுனிக்காலில் வெளியேறினார்கள். முற்றத்தில் குவிந்து கிடந்ததைப் பங்கு பிரித்துக்கொண்டுதான் போனார்கள், லொறி நிற்கிறதல்லவா. வள்ளத்துக்கும் வலைக்கும் உரிய பங்கை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டில் இருவரும் மிஞ்சினார்கள். பஸ்ரியாம்பிள்ளை பாய்ச்சீலையை அவிழ்த்துவிட்டுக் கம்பளிச் சட்டைகளோடு மகளின் வாயைப் பார்த்தபடி இருந்தார். நித்திரையில் அது கோணாமல் நேராக இருந்தது. கொஞ்சநேரம் போக, ஜெனீற்றாவின் மேலுதட்டில் வேர்வை அரும்பியது. நெற்றியிலும் அரும்பி, தொப்பிக்கு வெளியே வந்திருந்த மயிர் அதில் ஒட்டியது. பிள்ளைக்குப் புழுங்குகிறது என்று மேரிஜோசப்பின் சுவரில் செருகியிருந்த ஓலை விசிறியை எடுத்து, கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு இருந்து விசிறினாள். நெற்றியில் ஒட்டியிருந்த மயிர் விலகி ஆடியது.

"மெதுவா விசிறும்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "எழும்பிடுவாள்."

அவள் மெதுவாக விசிறினாள்.